கோடைப் பூஞ்செடிகளுக்குப் புள்ளியிடும் முறை

இங்கிலாந்து நாட்டில் மே மாதம் பிறந்துவிட்டால், செடி விற்கும் கடைகளின் வாயில்களெல்லாம் வண்ணமயமாகிவிடும். சிறு சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் பெட்டூனியாவும், சால்வியாவும், லொபீலியாவும், செண்டுமல்லியும் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வாங்க வருவோர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, எதில் பூ மிகுதியாக இருக்கின்றதோ அதையே எடுத்துச் செல்வர். மொட்டுக்கூட வைக்காத நாற்றுகள் கேட்பாரின்றிக் கிடக்கும். இது மனித இயல்பு. ஆனால் அதே வீட்டாரின் பூம்பாத்தியை ஆகஸ்டு மாதத்தில் சென்று பார்ப்போமாயின், மே மாதத்தில் பூத்துக் குலுங்கிய செடி வைக்கோல் நிறமாகி நிற்பதும், மொட்டின்றி வந்த நாற்று பாத்தி முழுவதையும் மூடிக்கொண்டு பூப்பதும் அங்கு அரிய காட்சிகளல்ல.

விற்கும் நாளின் தோற்றத்தைக் கொண்டு ஒரு செடி பருவம் முழுவதும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று சொல்ல இயலாது. அங்ஙனமாயின் எதைக் கொண்டு சொல்வது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்காகவே மேல்நாடுகளில் சோதனைப் பூந்தோட்டங்கள் பல நடைபெற்று வருகின்றன. அங்கே செடிகளை வரிசையாக நட்டு, பருவம் முழுவதும் புள்ளியிட்டு வருகின்றனர். ஆண்டு முழுவதும் புள்ளியிடுவதையே கடமையாகக் கொண்ட ஆசிரியர்களாகிய நமக்கு அவர்கள் முறை அயலானதன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அங்கே கோடை என்பது நாம் எண்ணும் கோடையன்று. மண்ணின்மேல் உறைபனி விழாத மாதங்களே அவர்களுக்குச் செடி வளர்க்கும் காலம். மே மாத இறுதியில் உறைபனி அச்சம் நீங்கியதும் நாற்றை நடுவர். அக்டோபரில் உறைபனி மீண்டும் வந்ததும் செடி கருகி விழும். இடைப்பட்டது ஏறத்தாழ இருபது வாரம். கண்ணாடிப் பயிர்வீட்டில் நாற்றாக வளர்த்து, இந்த இருபது வாரத்துக்குப் பாத்தியில் பூக்கவிட்டு, பின்பு பிடுங்கி எறியப்படும் செடியையே கோடைப் பூம்பாத்திச் செடி என்கின்றனர்.

இவ்வழக்கம் பரவியதற்கு ஒரு வரியும் காரணம். 1845ஆம் ஆண்டில் பிரிட்டனில் கண்ணாடியின்மீது இருந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது, செல்வர் வீடுகளில் பயிர்வீடுகள் பெருகின, வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிர்காலத்தில் காப்பாற்றி ஆயிரக்கணக்கில் நாற்றுவிடுவது எளிதாயிற்று. பாக்ஸ்டன் அமைத்த பளிங்கு மாளிகை சிடனம் என்னுமிடத்துக்கு மாற்றப்பட்டு 1854ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, அதனைச் சூழ்ந்த பூங்காவில் இப்பாத்திகளைக் கண்டு மக்கள் வியந்தனர். வில்லியம் ராபின்சன் போன்ற தோட்டக்கலை எழுத்தாளர்கள் இதனை வெறும் பகட்டு என்று கடிந்து எழுதினர். எனினும் வழக்கம் நின்றுவிடவில்லை.

அப்பாத்திகளில் நிற்பவை யாவை என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். நம் வீட்டு வாசலில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணி அங்கே விலை கொடுத்து வாங்கும் கோடைச் செடி. மடகாஸ்கர் தீவில் தோன்றி உலகெங்கும் பரவிய அதனை மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பர். நம் பாட்டிமார் வளர்த்த காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகிய எல்லாம் அவர்களுடைய விதைப்பட்டியலில் உண்டு. இலைக்காக வளர்க்கும் கோலியஸ் செடியோ ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. நம்மிடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழும் நித்தியகல்யாணிக்கு அங்கு ஐந்து மாதமே ஆயுள். ஆதலால்தான் அவர்கள் ஒவ்வொரு வாரத்தையும் எண்ணிப் பார்க்கின்றனர். இங்கே ஒரு செடி மூன்று வாரம் பூக்காமல் நின்றால் யாரும் கவனிப்பதில்லை. அங்கே மூன்று வாரம் என்பது பருவத்தில் ஏழில் ஒரு பங்கு.

இனி, விற்கும் நாளில் காணும் அழகு எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். நாற்றுப் பண்ணையார் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆயினும் பூவோடு நிற்கும் நாற்றே விலைபோகும் என்பதை அவர் அறிவார். எனவே இளம் வயதிலேயே பூக்கும் வகைகளைத் தேர்கின்றார். செடி நெட்டையாகிவிடாமல் இருப்பதற்கு வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்தைத் தெளிப்பதும் உண்டு. செண்டுமல்லியில் உயரமான வகைகள் பகற்பொழுது குறுகியிருந்தால் விரைவில் மொட்டு வைக்கும். வடநாடுகளின் நீண்ட ஜூன் மாதப் பகலில் தாமதிக்கும். அதனால் இளநாற்றாக இருக்கும்போதே சில வாரங்கள் மாலையில் கறுப்புத் துணியிட்டு மூடிப் பகலைக் குறுக்கிவிடுவர். இவற்றால் நாற்று தட்டில் இருக்கும்போது அழகாக இருக்கும். ஆனால் வேர் பிடிப்பதற்கு முன்பே பூத்துக் களைத்த செடி, பாத்திக்குச் சென்றபின் தழைத்து வளர வலுவின்றி நின்றுவிடுவதுண்டு. மறுபக்கம், படர்ந்து வளரும் பெட்டூனியாவின் நாற்று தட்டில் இருக்கும்போது கட்டுக்குலைந்து நீண்டு தோன்றும். பாத்தியில் இறங்கிய பிறகே அதன் குணம் தெரியும். ‘பர்ப்பிள் வேவ்’ என்ற பெட்டூனியா இத்தகையது. விதையிலிருந்து வளர்க்கத்தக்க இச்செடி ஆறு அங்குல உயரத்துக்கு மேல் எழாமல் மூன்று நான்கு அடி அகலத்துக்குப் படரும். இது 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பரிசு பெற்றது. கடைவாசலில் பூவை எண்ணி வாங்குபவர் இதை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ளதையே எடுத்திருப்பார்.

(மேலிடத்திலிருந்து பார்வையாளர் வருகிறார் என்ற செய்தி எட்டியவுடன், பள்ளி வாசலுக்குப் பூந்தொட்டிகள் வந்து இறங்குவதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். அவர் சென்ற மூன்றாம் வாரத்தில் அத்தொட்டிகளின் நிலை என்ன என்பதையும் கண்டிருக்கின்றோம். மேலும் சொல்லத் தேவையில்லை.)

சோதனை நடத்தும் அமைப்புகளுள் இரண்டைக் குறிப்பிடலாம். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 1804ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு 1903ஆம் ஆண்டில் சர் தாமஸ் ஹான்பரி என்பவர் விஸ்லி என்னுமிடத்தில் நிலம் வழங்கினார். அங்கு நடைபெறும் சோதனைகளில் தேறும் செடிகளுக்கு வழங்கும் ‘தோட்டத் தகுதி விருது’ 1922ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. அவ்விருதுக்குரிய விதிகள் எளியவை. செடி வழக்கமான பயன்பாட்டுக்குச் சிறந்ததாக இருக்கவேண்டும், கடையில் கிடைக்கவேண்டும், நல்ல உடற்கட்டு உடையதாக இருக்கவேண்டும், வடிவிலும் நிறத்திலும் மாறாமல் இருக்கவேண்டும், பூச்சிக்கும் நோய்க்கும் ஓரளவேனும் தாங்கவேண்டும். பூ பெரிதாக இருக்கவேண்டும் என்றோ புதுமையாக இருக்கவேண்டும் என்றோ விதி இல்லை என்பதை நோக்குக.

மற்றொன்று அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டில் ரே ஹேஸ்டிங்ஸ் என்ற விதை வணிகரின் முயற்சியால் தோன்றிய ‘ஆல் அமெரிக்கா செலக்சன்ஸ்’. ஒவ்வொரு விதை நிறுவனமும் தன் சரக்கையே தலைசிறந்தது என்று விளம்பரம் செய்துவந்த காலம் அது. இவர்களுடைய முறையில் இரு நுட்பங்கள் உண்டு. முதலாவது, புதிய வகை நடுவரிடம் பெயரின்றி எண்ணோடு வரும். எந்த நிறுவனத்துச் செடிக்குப் புள்ளியிடுகிறோம் என்பதை நடுவர் அறியார். தேர்வுத்தாளில் மாணவன் பெயருக்குப் பதில் எண்ணை எழுதச் சொல்வதும் இதே காரணத்துக்காகவே. இரண்டாவது, புதிய வகையைத் தனியே நடுவதில்லை. அதற்குப் பக்கத்தில், ஏற்கெனவே சந்தையில் பெயர்பெற்ற ஒத்த வகை ஒன்றையும் நட்டு, இரண்டையும் ஒப்பிட்டே பூஜ்யம் முதல் ஐந்து வரை புள்ளியிடுவர். இந்த ஒப்புச்செடியே முறையின் உயிர்நாடி என்பது என் கருத்து. ‘செடி நன்றாக இருக்கிறது’ என்பதற்கு எல்லையே இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாச் செடியும் நன்றாகத்தான் இருக்கும். ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே நாளில் நட்ட பழைய செடியைவிட இது நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்தான் விடைக்குப் பொருள் உண்டு.

பல்கலைக்கழகங்கள் நடத்தும் சோதனைத் தோட்டங்களும் உண்டு. அவற்றுள் சில, பரிசு பெற்றவற்றை மட்டுமன்றி நட்ட வகைகள் அனைத்தின் புள்ளிகளையும் வெளியிடுகின்றன. தோல்வியுற்றவை எவை என்று அறிவது வாங்குவோருக்கு வெற்றி பெற்றவற்றை அறிவதைக் காட்டிலும் குறைந்த பயன் அன்று.

புள்ளியை எத்தனை முறை இடுவது? இதுவே மையமான கேள்வி. இரு வாரத்துக்கு ஒருமுறை இடுவது நல்ல வழக்கம். அவ்வாறு இருபது வாரத்தில் பத்து முறை புள்ளியிட்டதாகக் கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக நானே அமைத்த எடுத்துக்காட்டு இது. முதற்செடி பெற்ற புள்ளிகள் 5, 5, 5, 5, 4, 3, 2, 1, 1, 1. இரண்டாம் செடி பெற்றவை 2, 3, 3, 3, 3, 4, 4, 4, 3, 3. இரண்டின் கூட்டுத்தொகையும் 32, சராசரியும் 3.2 ஆகும். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாள் வந்து பார்ப்பவருக்கு முதற்செடியே முதல்தரம். ஆனால் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் காய்ந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மறு ஆண்டு இரண்டாம் செடியைத்தான் தேடுவார். ஆகவே சராசரியோடு, வேர் பிடித்த பிறகு செடி பெற்ற மிகக் குறைந்த புள்ளி எது, அது எந்த மாதத்தில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எனக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டலாம் என்றால் சராசரியை விட்டுவிட்டு அந்தக் குறைந்த புள்ளியைத்தான் கேட்பேன்.

புள்ளியிடும்போது பார்ப்பது பூவின் எண்ணிக்கையை மட்டுமன்று. இலையின் நிறம், செடியின் வடிவம், வாடிய பூ தானே உதிர்கிறதா அல்லது பழுப்பாக ஒட்டிக்கொண்டு அழகைக் கெடுக்கிறதா, ஒரு வரிசையிலுள்ள செடிகள் ஒரே சீராக வளர்ந்துள்ளனவா என எல்லாம் கணக்கில் சேரும். பெரும் மழைக்கு மறுநாள் தோட்டத்தைச் சுற்றி வந்தால் பல உண்மைகள் தெரியும். அகன்ற பெரிய பூவுடைய பெட்டூனியா வகைகள் நனைந்த தாள்போல் ஒட்டிக் கிடக்கும். சிறு பூக்களைக் கூட்டமாகப் பூக்கும் வகைகள் அன்று மாலையே தலை நிமிர்ந்துவிடும். விளம்பரப் படத்தில் பெரிய பூதான் கண்ணைக் கவரும் என்பது வேறு செய்தி. வெயில் ஏறும் மாதத்தில் லொபீலியா பூப்பதை நிறுத்திக்கொள்ளும். குளிர்ந்தபின் சில வகைகள் மீண்டும் பூக்கும், சில மீள்வதில்லை. ஒரு நாள் பார்வையில் இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

செத்த செடியை என்ன செய்வது என்ற சிக்கலும் உண்டு. பத்துச் செடி நட்டு நான்கு செத்துப்போனால், எஞ்சிய ஆறும் காலியிடத்தில் பரவி முன்னிலும் பெரிதாக வளரக்கூடும். பூவை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் நடுவர் இவ்வகைக்குக் கூடுதலாகவே போட்டுவிடுவார். செத்த இடத்தில் புதுநாற்றை நட்டு மறைத்துவிட்டாலோ பதிவே பொய்யாகிவிடும். ஆகவே செத்ததைச் செத்ததாகவே குறித்துக்கொண்டு, இடத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மையான முறை. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டுத் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடுவோருக்கும் இது பொருந்தும்.

இடமும் தீர்ப்பை மாற்றும். ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஏதன்ஸ் நகரில் 1982ஆம் ஆண்டில் அமைத்த சோதனைத் தோட்டத்தில் கோடை நம் நாட்டைப்போல் புழுக்கமானது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டமோ போர்ட் காலின்ஸ் நகரில் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்று வறண்டது, வெயில் கடுமையானது, இரவு குளிர்ந்தது, ஆலங்கட்டி மழையும் பெய்யும். விஸ்லியில் மிதமான வெயிலும் அடிக்கடி தூறலும் இருக்கும். ஜார்ஜியாவின் புழுக்கத்தில் மகிழ்ந்து பூக்கும் நித்தியகல்யாணி, இங்கிலாந்தின் குளிர்ந்த ஜூன் மாதத்தில் இலை வெளிறிச் சோர்ந்துவிடும். அதே பருவத்தில் அங்கே செழிக்கும் லொபீலியா, ஜார்ஜியாவில் ஜூலையைத் தாண்டுவது அரிது. ஆகவே ஒரு செடிக்குக் கிடைத்த விருதைக் கேட்பதோடு, அது எந்த ஊரில் கிடைத்தது என்றும் கேட்கவேண்டும்.

இவ்வளவு கவனத்தோடு செய்யும் சோதனையும் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பேரிழப்பு உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது முறையாகாது.

காசித்தும்பைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு. இம்பேஷன்ஸ் என்றும், ஆங்கிலேயர் செல்லமாக ‘பிஸி லிஸி’ என்றும் அழைக்கும் செடி அது. கோஸ்டாரிக்கா நாட்டில் விதைப்பண்ணை நடத்திய கிளாட் ஹோப் என்பவர் உள்ளிட்டோரின் உழைப்பால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது குட்டையான, ஓயாமல் பூக்கும் பாத்திச் செடியாயிற்று. சோதனைக்காரன் கேட்பதெல்லாம் அதனிடம் இருந்தன. நிழலில் பூத்தது, வாடிய பூவைத் தானே உதிர்த்தது, நட்ட நாள் முதல் உறைபனி நாள்வரை ஓய்ந்ததில்லை. வெள்ளை, சிவப்பு, ஊதா எனப் பல வண்ணங்களிலும் கிடைத்தது. விலையோ மலிவு. மரநிழலில் வேறெதுவும் இத்துணைப் பூக்காது என்பதால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தெருவுக்குத் தெரு அதுவே நின்றது.

2003ஆம் ஆண்டில் பிரிட்டனில் அச்செடியில் அடிச்சாம்பல் நோய் காணப்பட்டது. இலை முதலில் சற்று வெளிறி, விளிம்பு கீழ்நோக்கி மடங்கும். உரம் போதவில்லை என்றே வீட்டுக்காரர் நினைப்பார். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்மாவு பூசியதுபோல் இருக்கும். சில நாட்களில் பூ உதிரும்; பின்பு இலை உதிரும்; கடைசியில் மொட்டைத் தண்டு மட்டும் நிற்கும். நுண்வித்துகள் காற்றில் பறந்து அடுத்த பாத்திக்குச் செல்லும்; வேறுவகைத் தடித்த வித்துகள் அழுகிய தண்டோடு மண்ணில் தங்கி அடுத்த ஆண்டுக்கும் காத்திருக்கும். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் பல மாநிலங்களின் பூம்பாத்திகளில் நோய் தோன்றியது. 2012ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவியது. நகராட்சிப் பூங்காக்களில் ஒரே கோடையில் பாத்தி பாத்தியாக மொட்டையாயின. பல பண்ணைகள் அச்செடியை வளர்ப்பதையே குறைத்துக்கொண்டன.

இவ்வளவு ஆண்டு புள்ளியிட்டவர்கள் ஏன் இதை முன்கூட்டியே அறியவில்லை? அவர்கள் புள்ளியிட்ட பாத்திகளில் அப்போது நோய் இல்லை என்பதே விடை. வராத மழைக்குக் குடையின் தரம் தெரியாது. அதுமட்டுமன்று. அங்கு நட்ட நிறங்கள் பலவானாலும் இனம் ஒன்று. ஒப்புச்செடியும் அதே இனத்தைச் சேர்ந்தது. ஆதலால் சிவப்பு வெள்ளையைவிட மேலா என்று சோதனை சொல்லும். இரண்டுக்கும் பொதுவான குறையை அதனால் காட்ட இயலாது.

ஆனால் பழைய சோதனைத் தோட்டங்களில் வேறொரு விடை ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையும் லாங்வுட் பூந்தோட்டமும் 1970ஆம் ஆண்டில் நியூகினித் தீவுக்கு ஒரு குழுவை அனுப்பின. அக்குழு கொண்டுவந்த இம்பேஷன்ஸ் இனம் பூவில் பெரியது, இலையில் தடித்தது, விலையும் சற்றுக் கூடுதல். ஆப்பிரிக்கச் செடி மலிவாகக் கிடைத்த காலத்தில் அது இரண்டாம் இடத்திலேயே இருந்தது. நோய் வந்தபோது நியூகினி இனம் அதனைப் பெரிதும் தாங்கி நின்றது. அதே பாத்தியில் பக்கத்துச் செடி மொட்டையாக நிற்க, இது பச்சையாக நின்றதை எல்லாரும் கண்டனர். பிறகு விதை நிறுவனங்கள் ஆப்பிரிக்க இனத்திலும் நோய் தாங்கும் வகைகளை உருவாக்க முற்பட்டன. 2020ஆம் ஆண்டை ஒட்டி ‘பீக்கன்’, ‘இமாரா’ என்ற பெயர்களில் அவை சந்தைக்கு வந்தன. அவற்றின் நோய் தாங்கும் திறனைக் காண, நோயுற்ற செடிகளுக்கு நடுவிலேயே வைத்துப் பார்க்கவேண்டும்; நோயில்லாத பாத்தியில் அவை பெறும் ஐந்து புள்ளி அதைப்பற்றி ஒன்றும் சொல்லாது. நோய்க்கிருமியும் மாறக்கூடியது. எனவே இன்று தாங்கும் வகையை ஆண்டுதோறும் திரும்பவும் பார்த்துவரவேண்டும்.

இத்தகைய சோதனையைச் சிறு அளவில் யாரும் செய்யலாம். ஒரு வகையில் மூன்று செடியாவது வேண்டும்; ஒன்றை மட்டும் நட்டால் அது செத்தது வகையின் குற்றமா வேரைத் தின்ற புழுவின் குற்றமா என்று தெரியாது. புதிய வகையின் பக்கத்தில், பல ஆண்டாக நாம் அறிந்த பழைய வகை ஒன்று நிற்கவேண்டும். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, அதே நேரத்தில், சென்ற முறை இட்ட புள்ளியைப் பார்க்காமல் புதிதாகப் புள்ளியிட்டு, ஒரு வரிக் குறிப்பும் எழுதவேண்டும். ‘மழை, பூ உதிர்ந்தது, இலை நலம்’ என்ற அளவு போதும். நம் நாட்டில் உறைபனி இல்லாமையால் முடிவு நாளை நாமே குறித்துக்கொள்ளவேண்டும். நட்ட நாளிலிருந்து இருபது வாரம் என வைத்துக்கொண்டால் அவர்கள் கணக்கோடு ஒப்பிடவும் முடியும். பிள்ளைகளிடம் இவ்வேலையைக் கொடுப்பதாயின், இருவரைத் தனித்தனியே புள்ளியிடச் சொல்லி, பிறகு இரு தாள்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒருவன் நான்கு என்றும் மற்றவன் இரண்டு என்றும் எழுதியிருந்தால், இருவரையும் பாத்திக்கே அழைத்துச் சென்று எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கலாம்.